படிக்கட்டில் பிடித்த கை

‘தி யங் விக்டோரியா’ (2009) படத்தில் மனதில் நிற்பது முடிசூட்டு விழா இல்லை, ஒரு படிக்கட்டு. நாளைக்கு இங்கிலாந்தின் ராணியாகப் போகிற பெண், பெரியவர் ஒருவரின் கையைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கக் கூடாது. அம்மாவும், அம்மாவை ஆட்டிவைக்கிற கான்ராயும் போட்ட விதி இது. இயக்குநர் ழான் மார்க் வாலே இதற்குப் பெரிய விளக்கம் எதுவும் கொடுப்பதில்லை. எமிலி பிளண்டின் முகத்தில் அழுகை இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது. படத்தின் முதல் பாதியை அந்த எரிச்சல் தாங்கிக்கொள்கிறது.

அவள் உடம்புக்கு முடியாமல் கிடக்கும்போது கான்ராய் ஒரு தாளை நீட்டுகிறார். வயது வரும்வரை அம்மாவே பிரதிநிதியாக ஆளலாம் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்கிறாள். 1837 ஜூனில் மன்னர் இறக்கும்போது அவளுக்கு 18 வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சில நாட்களில் தப்பியது ஒரு சாம்ராஜ்யம்.

மதுரையிலிருந்து பார்க்கிறவருக்கு இங்கே ஒரு உறுத்தல் வரும். நம்மூர்க் கதையில் பிரதிநிதிதான் நாயகி. 1689இல் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் இறந்தபின், கைக்குழந்தையான பேரனின் பெயரால் மங்கம்மாள் ஆண்டார். சாலை, சத்திரம் என்று இன்றும் ஜனங்கள் சொல்வது அவர் பெயரைத்தான். பேரன் விஜயரங்க சொக்கநாதனை யார் நினைக்கிறார்கள்? பேரன் வளர்ந்தபோது ஆட்சியை விடாததால் அவரை அடைத்துவைத்து, கண்ணுக்குத் தெரிய, கைக்கு எட்டாமல் சோறு வைத்தார்கள் என்று வாய்வழிக் கதை உண்டு. அந்தப் பேரன் பக்கம் நின்று படம் எடுத்தால் மங்கம்மாள்தான் கான்ராய். யார் பக்கம் கேமராவை வைக்கிறோம் என்பதில் பாதி வரலாறு முடிவாகிவிடுகிறது. விக்டோரியாவின் அம்மாவுக்கு என்ன பயம் இருந்தது என்று இந்தப் படம் கடைசிவரை கேட்கவே இல்லை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. அரசியான பிறகு அவள் என்ன செய்தாள்? 1839இல் பிரதமராக வர இருந்த பீல், அவளுடைய பணிப்பெண்களில் சிலரை மாற்றச் சொன்னார். அவள் மறுத்தாள். பீல் ஆட்சி அமைக்காமல் ஒதுங்கினார், மெல்பர்னே திரும்பி வந்தார். சரியோ தப்போ, அது அவளே எடுத்த முடிவு. படமோ அதை மெல்பர்னின் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போன சின்னப்பெண்ணின் பிடிவாதமாகவே பார்க்கிறது. நிஜ மெல்பர்னுக்கு அப்போது 60 வயது. படத்தில் முப்பதுகளில் இருந்த பால் பெட்டனி. அப்பா ஸ்தானத்தில் இருந்தவரை ஆல்பர்ட்டுக்குப் போட்டியாளர் ஆக்கியாயிற்று. அரசியல் போய் முக்கோணக் காதல் வந்துவிட்டது.

போதாததற்கு ஒரு துப்பாக்கிக் குண்டு. 1840இல் அரசியைச் சுட்டது உண்மை, யார் மேலும் படவில்லை என்பதும் உண்மை. படத்தில் ஆல்பர்ட் குறுக்கே பாய்ந்து கையில் வாங்கிக்கொள்கிறார். எதற்கு? சற்றுமுன்தான் தன்னை மீறி அதிகாரம் செய்ததற்காக அவரிடம் சீறியிருக்கிறாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. குண்டு பட்டதும் கேள்வி கரைந்துவிடுகிறது. கடைசியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள்.

இந்த முடிவு மதுரைக்காரருக்குப் புதுசில்லை. சித்திரைத் திருவிழாவில் 8ஆம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், 9ஆம் நாள் திக்விஜயம், 10ஆம் நாள் திருக்கல்யாணம். ஆனால் தாலி ஏறிய பின்னும் ஆடி வரை செங்கோல் அவள் கையில்தான். ஆவணியில்தான் சொக்கர் முறை. அவளுக்கு 4 மாதம், அவருக்கு 8 மாதம். பங்கு நியாயமா என்று கேட்கலாம்தான். ஆனாலும் இங்கே கணக்கு வெளிப்படையாக இருக்கிறது. படத்தில் மேசையைச் சேர்த்துப் போட்டுவிட்டு, யார் எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதைக் காட்டாமலே திரை இருள்கிறது.

மங்கம்மாளைப் படமாக்க வருகிறவர்கள் இதைக் கட்டாயம் ஒருமுறை பார்க்க வேண்டும். முதல் பாதியைக் கற்றுக்கொள்ள, இரண்டாம் பாதியைத் தவிர்க்க.