அடைக்கலான் குருவி: விவிலியத் தமிழில் ஒரு பறவையும் அதன் பாடமும்

வானத்துப் பறவைகளை நோக்குமாறு இயேசு பெருமான் தம் மாணாக்கர்க்குக் கூறிய மொழி மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் உள்ளது. அதனை அடியொற்றி, மனைமுற்றத்துப் பறவைகளைக் காட்டி நம்பிக்கையைப் போதிக்கும் நூல்கள் மேலைநாடுகளிற் பெருகின. தமிழ்நாட்டுச் சபைமேடைகளிலும் அம்மரபு வேரூன்றியது. அப்பாடங்கள் பறவையை நோக்கியதனாற் பிறந்தனவா, அன்றிப் பாடம் முன்னரே அமைந்திருக்கப் பறவை பின்னர்த் தேடிக்கொள்ளப்பட்டதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வாராய்ச்சிக்குப் பொருநைக் கடைமடையிலுள்ள ஆத்தூர் ஏற்ற இடமாகும். வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் நெல்லும் சூழ்ந்த இவ்வூர்க்கு அணித்தே கொற்கை உள்ளது. ஆறு கடலொடு கலக்குமிடத்தில் உள்ளது புன்னைக்காயல். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தந்த அண்டிரிக் அடிகளார் தொண்டாற்றிய ஊர் அது. சில கல் தொலைவிலுள்ள சாயர்புரத்தில்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1853இல் தமிழாசிரியராக அமர்ந்தார். கிறித்தவத் தமிழ் இங்கு இரவற் பொருளன்று.

1871இல் போவர் குழுவினரின் திருத்தமாக வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு, காசுக்கு இரண்டாக விற்கப்படும் பறவையை ‘அடைக்கலான் குருவி’ என்கிறது. கிரேக்க மூலச்சொல் சிறு குருவி என்னும் அளவிலேயே நிற்பது. அடைக்கலம் என்னும் கருத்து அதில் இல்லை. மொழிபெயர்த்தோர் புதிதாக ஒன்றும் புனையவில்லை. தென்பாண்டி மக்கள் வீட்டிறப்பிற் கூடுகட்டும் பறவைக்கு வழங்கிய பெயரையே எடுத்தாண்டனர். கூட்டைக் கலைத்தல் ஆகாது என்னும் வழக்கமும் அப்பெயரோடு சேர்ந்து வந்தது. ஆகவே மறைநூலைக் கேட்ட தமிழர்க்குப் பாடத்தின் ஒரு கூறு பெயரிலேயே முன்னதாகக் கிடைத்துவிட்டது. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு இவ்விடத்துச் ‘சிட்டுக் குருவி’ என மாற்றியது. எளிமை கருதியதே எனினும், இழப்புச் சிறிதன்று.

இப்பறவையைக் கூர்ந்து நோக்கிய முதற்புலவர் கிறித்தவர் அல்லர். குறுந்தொகை 46ஆம் பாட்டில் மாமலாடனார் அதன் சிறகின் மங்கிய நிறத்தையும், முற்றத்து உலர்கின்ற தானியத்தை உண்ணுதலையும், மன்றத்து எருத்துகளிற் குடைந்தாடுதலையும், இல்லிறப்பிற் குஞ்சொடு தங்குதலையும் ஒன்றும் விடாது காட்டுகிறார். குருவி அங்கே யாருக்கும் போதகாசிரியன் அன்று. இத்தகைய மாலையும் தனிமையும் தலைவன் சென்ற நாட்டில் இல்லையோ என்று தலைவி கேட்கும் வினாவிலேயே அதன் பொருள் அடங்கும். தொல்காப்பியரும் தெய்வம் ஒழிந்த கருப்பொருளையே உள்ளுறைக்கு நிலனாகக் கொண்டார். பறவை தெய்வத்தைச் சுட்டுவது அகமரபுக்குப் புறம்பு. கிறித்தவப் புலவர் செய்ய முற்பட்டது புதுத்தொழில் என்பது இதனாற் பெறப்படும்.

அத்தொழிலில் வழுவுதல் எளிது. ஜான் பன்யன் தம் நூலின் இரண்டாம் பகுதியில் (1684) இருவகைக் காட்சியும் வைத்தார். நீர் அருந்துந்தோறும் தலையை மேலே தூக்கும் கோழி, நன்றி செலுத்துதற்கு உவமையாகிறது. இது கண்டறிந்தது, எக்கொல்லையிலும் காணலாம். அடுத்துச் சிலந்தியை வாயிற் கவ்விய ராபின் குருவி போலிப் பக்தர்க்கு உவமையாகிறது. இது பறவைக்கு இழைத்த அநீதி. பூச்சி தின்னும் பறவை பூச்சி தின்றதில் என்ன போலித்தனம்? கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) பன்யனின் முதற்பகுதியைத் தழுவியது. இவ்விரு காட்சிகளும் தமிழ்க் காப்பிய நடையில் எவ்வாறு அமைந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாமே அன்றிக் காண்பதற்கில்லை.

லூக்கா நற்செய்தியிற் காக்கை வருகிறது. களஞ்சியம் இல்லாதது, எனினும் உணவு பெறுவது. தமிழ்ச் செவிக்கு இது இடர்ப்பாடு தரும். திருக்குறள் 527இல் காக்கை கிடைத்ததை மறையாது இனத்தைக் கூவி உண்பது. நம் மனைகளிலோ முன்னோர்க்கு இட்ட சோற்றை உண்பது. சேர்த்து வையாமை என்பதைக் காட்டிலும் பகிர்ந்துண்ணல் என்பதே நமக்கு முதலில் தோன்றும். குயிலின் குஞ்சுக்கும் அக்காக்கையே இரை தேடுகிறது என்பதைப் போதகர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இனி, முதன்மையான சிக்கலுக்கு வருவோம். மத்தேயு பத்தாம் அதிகாரத்திற் குருவி விழாது என்னும் வாக்குறுதி இல்லை. அது தந்தையின்றி விழாது என்பதே உள்ளது. பழைய மொழிபெயர்ப்பு ‘சித்தம்’ என்றும், பொது மொழிபெயர்ப்பு ‘விருப்பம்’ என்றும் ஒரு சொல்லை இடையில் வைக்கின்றன. கிரேக்கத்தில் அச்சொல் இல்லை; ‘உங்கள் தந்தை இன்றி’ என்னும் அளவே உளது. சித்தம் என்றால் வீழ்ச்சி இறைவன் விதித்ததாகும். சொல் இல்லையெனின், வீழும் இடத்தில் அவன் உடனிருக்கிறான் என்றும் பொருள்கொள்ளல் கூடும். லூக்கா வீழ்ச்சியையே பேசவில்லை. எந்தக் குருவியும் மறக்கப்படுவதில்லை என்கிறார். அவர் கூறும் விலை இரண்டு காசுக்கு ஐந்து. காசுக்கு இரண்டு என்னும் மத்தேயுவின் கணக்கோடு ஒப்பிட்டால், ஐந்தாவது பறவை விலையின்றிக் கொசுறாக வருவது விளங்கும். மறக்கப்படாதவற்றுள் அக்கொசுறும் ஒன்று.

இது வெறும் இலக்கண நுணுக்கம் அன்று. முத்துக்குளிக்க மூழ்கியவரும் மீன்பிடிக்கச் சென்றவரும் மீளாத மனைகள் இக்கரையில் தலைமுறைதோறும் உண்டு. அம்மனையில் இவ்வசனம் படிக்கப்படுங்கால், ‘சித்தம்’ என்னும் சொல்லைக் கேட்கும் கைம்பெண் கேட்பது ஒன்று. அச்சொல் இல்லாத மூலத்தைக் கேட்டால் கேட்பது வேறொன்று. ஆத்தூரில் எம் வீட்டு மின்விசிறியில் அடிபட்டு ஒரு குருவி வீழ்ந்தது. அதனைக் கையிலெடுத்த சிறுமி, “இதையும் ஆண்டவர்தான் தள்ளிவிட்டாரா?” என்று வினவினாள். சபையில் அவள் கேட்டிருந்த பாடத்திற்கு அவ்வினா முறையானதே.

எனவே மறுதிருத்தம் செய்வோர் இரண்டு கருத வேண்டும். ‘அடைக்கலான்’ என்னும் பெயர் மூலத்தில் இல்லாத மிகை. எனினும் பறவையின் இயல்பிலிருந்து எழுந்தது, ஆதலின் மீட்கத்தக்கது. ‘சித்தம்’, ‘விருப்பம்’ என்பனவும் மிகையே. பறவையிலிருந்தும் எழவில்லை, மூலத்திலிருந்தும் எழவில்லை. அவற்றை நீக்கித் ‘தந்தையின்றி’ என்றே நிறுத்தினால் தமிழ் வழுவாது.