அசலும் நகலும்: மாவோரிக் கலையும் சுற்றுலா வணிகமும்

'அசல்' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். கடைத்தெருவில் அசல் நெய் எது என்று கேட்கிறோம். பத்திரம் எழுதுமிடத்தில் அசலையும் நகலையும் பிரித்து வைக்கிறோம். இவ்விரு சொற்களும் அரபு மொழியிலிருந்து வந்து தமிழில் குடியேறியவை. 'அஸ்ல்' என்றால் வேர். 'நக்ல்' என்றால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்லுதல். ஆசிரியரிடமிருந்து மாணவர்க்கும், அவரிடமிருந்து அவர்தம் மாணவர்க்குமாக எடுத்துச் செல்லப்படும் கல்வியும் நக்ல்தான். எனவே மூலப்பொருளை நோக்கினால் இவ்விரண்டிற்கும் பகையில்லை. வேரோடு தொடர்பு அறாதவரை நகலும் அசலைச் சேர்ந்ததே. தொடர்பு அறுந்துவிட்டால், எத்துணைப் பழைமையானதும் அசல் என்னும் பெயரை இழந்துவிடும்.

நியூசிலாந்தின் தொல்குடியினரான மாவோரி மக்களின் கலைகளுக்குச் சுற்றுலா வணிகத்தால் நேர்ந்தது யாது என்பதை இந்த அளவுகோல் கொண்டு ஆராய்வது பயனுடையதென எண்ணுகிறோம். இதுகுறித்து இருவகைக் கருத்துகள் வழங்குகின்றன. காசுக்கு ஆடத் தொடங்கிய அன்றே அக்கலையின் உயிர் போயிற்று என்பர் ஒரு சாரார். பயணிகளுக்குக் காட்டப்படும் உண்மை மேடைக்கென ஒப்பனை செய்யப்பட்டது என்று அமெரிக்க அறிஞர் டீன் மெக்கேனல் 1973இல் எழுதியது இவர்களுக்குத் துணையாயிற்று. வணிகத்திற்கென்று புகுந்ததும் காலப்போக்கில் அம்மக்களின் உண்மையான வழக்காகிவிடக் கூடும் என்பர் மற்றொரு சாரார். எரிக் கோஹன் 1988இல் எழுதிய கட்டுரை இக்கருத்தினது. முன்னது இரங்குகிறது, பின்னது ஆறுதல் கூறுகிறது. எடுத்துச் செல்பவர் யார், யாரிடமிருந்து பெற்றார், கொடுக்க மறுக்கும் உரிமை அவருக்கு உண்டா என்னும் வினாக்களை இரண்டுமே முதன்மையாக வைக்கவில்லை.

மாவோரி மக்களோ அவ்வினாவைத்தான் முதலில் கேட்பர். 'ஃபக்கபப்பா' என்பது அவர்தம் மொழியில் வழிமரபைக் குறிக்கும் சொல். மனிதர்க்கு மட்டுமன்றி மலைக்கும் ஆற்றுக்கும் மரச்செதுக்கலுக்கும் பாட்டுக்கும் வழிமரபு உண்டென்பது அவர்கள் கொள்கை. ஒரு செய்தியைக் கேட்டதும் அதன் 'ஸனது' எது, யார் யாரிடமிருந்து அறிவித்தார் என்று வினவும் கல்வி மரபில் வளர்ந்த நமக்கு இம்மனப்பாங்கு புதியதன்று. ஆகவே அவர்கள் கலையை அவர்கள் அளவுகோலாலேயே அளப்பது முறை.

ரொட்டோமஹானா ஏரிக்கரையில் வெந்நீர் ஊற்றுகளின் படிவால் இளஞ்சிவப்பாகவும் வெண்மையாகவும் படிபடியாய் அமைந்த பாறைத்தளங்கள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றைக் காண ஐரோப்பியர் கடல் கடந்து வந்தனர். அந்நிலத்திற்குரிய தூஹௌரங்கி குலத்தார் படகுக்கும் வழிகாட்டலுக்கும் கட்டணம் வாங்கினர். இவர்கள் பேராசைக்காரர் என்று வந்தவர் சிலர் குறைபட்டுக் கொண்டனர். தம் நிலத்தைக் காட்டத் தாமே விலை குறித்தவர்களைப் பேராசைக்காரர் என்பது நமக்கு நேர்மையாகத் தோன்றவில்லை.

அக்குலத்தார் தெ வைரோவா என்னும் சிற்றூரில் 1881இல் ஹினெமிஹி என்னும் கூட்ட இல்லத்தை எழுப்பினர். அந்த இல்லம் ஒரு மூதாட்டியின் பெயரைத் தாங்கியது; அவ்வில்லமே அவருடைய உடல் என்பது அவர்தம் நம்பிக்கை. செதுக்கியவர்கள் ஙாத்தி தராவை குலத்தைச் சேர்ந்த வேரோ தாரோய், தெனெ வைத்தெரே என்னும் இருவர். செதுக்குருவங்களின் கண்களுக்குப் பாவா என்னும் கடற்சிப்பியின் ஓட்டைப் பதிப்பதே வழக்கம். ஹினெமிஹியின் உருவங்கள் சிலவற்றிலோ தங்க நாணயங்கள் பதிக்கப்பட்டன. சுற்றுலாவால் வந்த செல்வம் மூதாதையர் கண்களில் மின்னிற்று. பயணிகளுக்கான ஆடல் பாடல்களும் அங்கேயே நிகழ்ந்தன.

இதைக் கண்டு, வணிகம் மரபின் கண்ணையே மறைத்துவிட்டது என்று எழுதுவது எளிது. ஆனால் பின்னர் நிகழ்ந்ததையும் நோக்க வேண்டும். 1886ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் தராவெரா மலை வெடித்தது. ஏறத்தாழ 120 பேர் மாண்டனர், பாறைத்தளங்கள் அழிந்தன. சாம்பலும் சேறும் பொழிந்த அவ்விரவில் பலர் உயிர் தப்பியது ஹினெமிஹியின் கூரையின் கீழ்தான். தங்கக் கண் பதித்ததனால் அவர் மூதாட்டி அல்லாமற் போய்விடவில்லை. தொடர்பு அறுந்தது பிறகே. ஊரிழந்த மக்களிடமிருந்து ஆளுநர் ஆன்ஸ்லோ பிரபு 1892இல் அவ்வில்லத்தை ஐம்பது பவுனுக்கு வாங்கி, இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்திலுள்ள தம் கிளாண்டன் மாளிகைத் தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அங்கு அது ஓர் அழகுப் பொருளாயிற்று. பின்னாளில் இங்கிலாந்தில் வாழும் மாவோரி மக்கள் அங்கே கூடித் தம் முறைப்படி அவரை வணங்கி அழைக்கத் தொடங்கவே, மீண்டும் மூதாட்டி ஆனார். புதிய செதுக்கல்களைப் பெற்றுக்கொண்டு பழையவற்றைத் தாயகத்திற்கு அனுப்ப, அதன் பொறுப்பாளரான நேஷனல் டிரஸ்ட் 2019இல் இசைந்தது. மரமும் உளியின் தடமும் மாறவில்லை. ஒவ்வொரு காலத்தும் அதனை அழைத்தவர் யார் என்பதே மாறியது.

இதற்கிடையில் அரசும் களத்தில் இறங்கிற்று. வெப்ப ஊற்றுப் பகுதிகள் பற்றிய 1881ஆம் ஆண்டுச் சட்டம், அந்நிலங்களின் கொடுக்கல் வாங்கலில் அரசுக்கு மேலாதிக்கம் அளித்தது. 1901இல் சுற்றுலாவுக்கென்றே ஓர் அரசுத்துறை நிறுவப்பட்டது. உலகில் அத்தகைய முதல் துறை அதுவே என்பர். ஃபக்கரேவரேவாவில் குடியேறிய தூஹௌரங்கி மக்கள் வழிகாட்டும் தொழிலைத் தொடர்ந்தனர். எனினும் விளம்பரத் தாளில் அவர்கள் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்யலாயினர்.

வழிகாட்டும் தொழிலால் அறிவு மழுங்கிற்று என்று கூறவும் இயலாது. பயணிகளால் 'வழிகாட்டி மேகி' என்று அழைக்கப்பட்ட மகெரெத்தி பப்பகுரா 1901இல் ஆங்கில அரச குடும்பத்தாரை அழைத்துச் சென்று காட்டியவர். அவரே பின்னர் ஆக்ஸ்போர்டில் மானிடவியல் பயின்று, தம் மக்களின் வாழ்வைப் பற்றித் தாமே எழுதினார். 1930இல் அவர் மறைந்தபின் 1938இல் அது நூலாக வெளிவந்தது. காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்டவர் நூலாசிரியராக எழுந்த வரலாறு இது.

செதுக்கற்கலையின் தொடரையும் பார்ப்போம். ஹினெமிஹியைச் செதுக்கிய ஙாத்தி தராவை குலத்தாரே பின்னர் ஐரோப்பியர்க்கும் செதுக்கிக் கொடுத்தனர். பல வட்டாரங்களில் இக்கலை மெலிந்த காலத்தில் அக்கூலி அவர்கள் உளியைத் துருப்பிடிக்காமல் காத்தது. அக்குலத்தவரான எரமிஹா கப்புவா, அபிரானா ஙாத்தாவின் முயற்சியால் 1920களின் பிற்பகுதியில் ரொட்டோருவாவில் தொடங்கிய கலைப்பள்ளியில் கற்பித்தார். அப்பள்ளியில் பயின்றவர்கள் பினே தையாபா, ஹோனே தையாபா என்னும் உடன்பிறந்தார். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த நிறுவனத்தின் செதுக்கற்பள்ளி 1967இல் ஃபக்கரேவரேவாவில் தொடங்கியபோது அதன் தலைமை ஆசிரியர் ஹோனே தையாபா. பயணிகள் தரும் நுழைவுக்கட்டணம் இங்கு மாணவர் பயிற்சிக்கு உதவுகிறது. தொடர் அறாத இந்த நக்லை வணிகக் கலை என்று ஒதுக்குவார் எவராயினும், அவர் ஸனதைப் பாராமல் தீர்ப்பு எழுதுபவரே ஆவார்.

ஆயினும் இதற்கும் ஒரு விலை இருந்தது. வாங்குவோர் தாம் 'பழைமை' என்று எண்ணியதையே கேட்டனர். செதுக்குவோரும் அதையே மீண்டும் மீண்டும் செய்ய நேர்ந்தது. குலத்துக்குக் குலம் வேறுபட்ட நடைகளும், கதை சொல்லும் துணிவும் பின்தள்ளப்பட்டன. உயிருள்ள மரபு மாறிக்கொண்டே இருக்கும். அதை மாறவிடாது நிறுத்தி 'இதுவே அசல்' என்பதும் சந்தை செய்யும் சிதைவேயாகும்.

இனி மேடைக்கு வருவோம். விருந்தினரை வரவேற்கும் 'போஃபிரி' மாவோரிச் சடங்குகளுள் தலையாயது. வந்தவரின் நோக்கத்தை அறியும் அறைகூவல், பெண்களின் நீண்ட அழைப்புக்குரல், இறந்தோரை நினைந்து இருபுறத்தாரும் ஆற்றும் உரைகள், மூக்கோடு மூக்கு ஒற்றும் 'ஹொங்கி', பின்னர் உணவு என அது விரியும். இதனால் அயலார் அயன்மை நீங்கி உறவினராவர். தமிழில் 'விருந்து' என்பதற்குப் புதுமை என்பது பழம்பொருள். அரபியில் விருந்தினரைக் குறிக்கும் 'ளைஃப்' என்னும் சொல்லின் வேர் ஒருபுறம் சாய்தலைக் குறிக்கும். புதியவராய் வந்தவர் இல்லத்தார்பால் சாய்ந்து நெருங்க வேண்டும். மாலை உணவோடு சீட்டு விற்கும் நிகழ்ச்சியிலோ, பேருந்தில் வந்தவருள் ஒருவர் 'தலைவர்' ஆக்கப்படுகிறார். அவருக்குக் குலமில்லை, நினைவுகூர இறந்தோர் இல்லை, மறுமொழியாக அவர் கூறுவது இரண்டொரு நன்றிச் சொற்களே. சடங்கின் ஒரு பாதி அங்கே இல்லை. ஆடுபவர் பொய் செய்கிறார் என்று நாம் கூறவில்லை. அவர் அழைப்பு உண்மையாகவே இருக்கலாம். அழைக்கப்பட்டவர் வராமலே திரும்புகிறார் என்பதே நம் குறை.

ஹாக்காவின் நிலை இதனினும் கடுமையானது. உலகம் அறிந்த 'க மத்தே' ஹாக்காவை ஏறத்தாழ 1820இல் இயற்றியவர் ஙாத்தி தோவா குலத்தலைவர் தெ ரௌபரஹா. பகைவரிடமிருந்து தப்பி, கிழங்குக் குழியில் ஒளிந்திருந்து, உயிரோடு வெளியே வந்தவரின் மகிழ்ச்சிக் குரல் அது. ரக்பித் திடலிலும் கடைவிளம்பரத்திலும் ஒலித்து ஒலித்து, அது வெறும் போர்முழக்கம் என்றாகிவிட்டது. ஆசிரியர் பெயரைக் காக்க 2014இல் தனிச்சட்டம் பிறந்தது. வணிக வெளியீட்டிலும் திரைப்படத்திலும் தெ ரௌபரஹாவின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்கிறது அச்சட்டம். மீறினால் நீதிமன்றம் உரிமையை அறிவிக்கும், இழப்பீடு கிடைக்காது. ஆடிக்காட்டும் நிகழ்ச்சிகளோ அச்சட்டத்திற்குள் வரவே இல்லை. பெயர் சொல்லப்படாத பாட்டு ஸனது அறுந்த பாட்டு. அதை மேடையில் ஒட்டவைக்கும் பொறுப்பு ஆடுவோரின் மனச்சான்றிடமே விடப்பட்டுள்ளது.

தீர்வு யாது? உடைமையாளர் கைக்கு வணிகம் திரும்பட்டும் என்பது பலர் விடை. 1987இல் கைக்கோரா ஊரின் மாவோரிக் குடும்பத்தார் சிலர் தம் வீடுகளை அடகு வைத்துத் திமிங்கிலம் காட்டும் தொழிலைத் தொடங்கி ஊரையே நிமிர்த்தினர். ஃபக்கரேவரேவாவின் நிறுவனம் 2020இல் சட்டப்படி அவ்விடத்துக் குலத்தாரிடம் திரும்பிற்று. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் உடைமை ஒன்றே போதாது. ரொட்டோருவா மண்ணிலேயே பிறந்த ஙாஹுயா தெ அவெக்கோத்துக்கு, சுற்றுலா தம் மக்கள்மீது விளைத்தவற்றை 1981இல் முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார். தன் மக்களைப் பற்றித் தானே விசாரணை நடத்தும் அத்தகைய ஆய்வு இன்றியமையாதது. தானே முதலாளியானவனும் விற்பதை மட்டும் வைத்துக்கொண்டு விற்காததை மறந்துவிடக் கூடும். விளைந்ததை விற்பது உழவன் உரிமை. விதைநெல்லைக் குற்றி விற்றால் அடுத்த பருவத்திற்கு வயல் தரிசாகும்.

அவ்விதைநெல் எங்கே காக்கப்படுகிறது? 1972இல் தொடங்கி இன்று 'தெ மத்தத்தினி' என வழங்கும் ஆடல் பாடற் போட்டிப் பெருவிழாவில் சுருக்கி உரைப்பவர் தேவையில்லை. அவையோர் மொழி அறிந்தவர். நடுவர் மரபு அறிந்தவர். அவ்வாண்டின் அரசியலைக் கண்டிக்கும் புதுப்பாட்டும் அங்கே அரங்கேறும். 1982இல் தோன்றிய 'கோஹங்க ரெயோ' என்னும் மழலைப்பள்ளிகளில் குழந்தைகள் தம் மொழியைக் கற்கின்றனர். அம்மொழி 1987இல் ஆட்சிமொழியாயிற்று. மேடையில் பயணிக்கு ஆடும் இளைஞர் மறுநாள் தம் ஊர் முற்றத்தில் மூத்தோர்முன் அதையே பொருளறிந்து ஆட வல்லவராயின், முந்திய மாலையின் ஆட்டமும் அசலோடு சேர்ந்ததே. முற்றம் வெறிச்சோடி மேடை மட்டும் எஞ்சுமானால், எத்துணைத் திறமாக ஆடினும் அது உறவற்ற நகலாகும்.

ஆதலின் சுற்றுலாவைப் பழிப்பதும் புகழ்வதும் திறனாய்வாகா. கட்டணம் வாங்கப்படுகிறதா என்று கேட்பதைவிட, எதற்குக் கட்டணமே இல்லை, எது எவர்க்கும் காட்டப்படுவதில்லை என்று கேட்பதே பொருத்தமான வினா. விற்காமல் காக்கும் அமானிதம் ஒன்று தம்மிடம் இருக்கும்வரை அம்மக்கள் எதையும் அஞ்சாது காட்டலாம். காணச் செல்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. இப்பாட்டை இயற்றியவர் யார், இச்செதுக்கலைக் கற்பித்தவர் யார் என்று அவர் கேட்கட்டும். அவ்வினாவைக் கேட்டவர் சீட்டு வாங்கி வந்தவராயினும், அவ்வாசலில் ஓரளவேனும் விருந்தினராகிறார்.