காரணம்: தாயின் அறியாமை
ஊட்டச்சத்துப் பிரதியைச் சேரியிலிருந்து வாசித்தல்

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது சங்கப் பாட்டில் தலைவி ஏன் மெலிந்தாள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பசலை படர்ந்தது, வளை கழன்றது, அதற்கு உரைகாரர் என்ன சொன்னார், அவரை மறுத்தவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் மனப்பாடம். சோறு இல்லாமல் ஒரு பெண் மெலிந்தால் அதை எந்தத் திணையில் வைப்பது என்று மட்டும் எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. அதை நான் கற்றுக்கொண்டது ஓசூர்ப் பக்கத்துக் காலனிகளில்.

பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால், படிப்பை முடித்த கையோடு, ஒரு தொண்டு நிறுவனத்தில் தாய்-சேய் ஊட்டச்சத்துக் களப்பணியாளராகச் சேர்ந்தேன். கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரம் என் பகுதி. கையில் மூன்று சாமான் கொடுத்தார்கள். ஒரு தொங்கு தராசு, படம் போட்ட ஒரு ஃபிளிப் சார்ட், ஒரு பதிவேடு. பிந்திய இரண்டும் பிரதிகள். நம் கவிதைத் தொகுப்பு ஐந்நூறு பிரதி அச்சாகி முந்நூறு விற்றால் சந்தோசப்படுகிறோம். இந்தப் பிரதிகளோ மாதாமாதம் சேரியின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போகின்றன. நம் பெண்களைப் பற்றி மிக அதிகமாக எழுதப்படுகிற, மிக அதிகமாக அவர்களுக்கு வாசித்துக் காட்டப்படுகிற எழுத்து இதுதான். நம் பத்திரிகைகளில் இதற்கு ஒரு மதிப்புரை வந்ததாக எனக்கு நினைவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் இதன் இலக்கணம். 'தாய்ப்பால் கொடுக்கவும். கீரை சேர்க்கவும். கை கழுவவும். இரண்டு மணிக்கு ஒருமுறை ஊட்டவும்.' எல்லாமே ஏவல். எழுவாய் மறைந்திருக்கிறது. ஆனால் அது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை: தாய். செய்ய வேண்டியவள் அவள், செய்யத் தவறியவள் அவள். நிலம் எழுவாயாக வருகிற ஒரு வாக்கியம் இதில் இல்லை. கூலி எழுவாயாக வரவில்லை. கம்பெனி வரவில்லை. சாதி வரவே இல்லை. அப்பன்கூட படத்தில் ஓரமாக நிற்கிறான், அவனுக்கு வினை கிடையாது.

பதிவேட்டில் எடை குறைந்த குழந்தைக்கு நேராகக் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதில் எண் போட வேண்டும். ஒன்று, தாயின் அறியாமை. இரண்டு, நோய். மூன்று, தவறான உணவுப் பழக்கம். நான்கு, மற்றவை. 'மற்றவை' அதிகம் வந்தால் மேலே கேள்வி கேட்பார்கள், முடிந்தவரை ஒன்றிலேயே முடியுங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

ஒரு காலனியில் பதினான்கு மாதப் பெண் குழந்தையை எடை போட்டேன். 6 கிலோ 800 கிராம். வளர்ச்சி அட்டையில் புள்ளி மஞ்சள் பட்டையில் விழுந்தது. தாய்க்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எல்லை தாண்டிப் பொம்மசந்திரா பக்கம் கார்மெண்ட்ஸ் வேலை. நான் ஃபிளிப் சார்ட்டைப் புரட்டிப் புரட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, நீ சொல்றது அத்தனையும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலயும் சொன்னாங்க, பால்வாடி டீச்சரும் சொன்னாங்க. ஆறே காலுக்கு வேன் வருது. நான் வீடு திரும்ப ராத்திரி எட்டு. எங்கத்தையும் பூத்தோட்டத்துக்குப் போயிடுது. நடுவுல யாரு ஊட்டுறது? நீ வந்து ஊட்டுறியா?"

நான் பதில் சொல்லவில்லை. வெளியே வந்து கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதினேன். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று என் காதாலேயே கேட்டுவிட்டு, அறியாமை என்று எழுதினேன். அப்படி எத்தனை வீடு என்று இப்போது கணக்குச் சொல்ல முடியாது. சேரியில் பிறந்த பிள்ளைதான் நானும். பேனா என் கையில் இருந்தது, வாக்கியம் வேறு எவருடையதோ.

அந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1980-இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை குறைந்த அல்லது எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் இணை உணவு. எடை ஏறிவிட்டால் உணவு நிறுத்தம். இதன் அடிப்படைக் கருத்து, பெரும்பாலான வீடுகளில் குறை உணவில் இல்லை, ஊட்டும் பழக்கத்தில் இருக்கிறது, தாய்க்குச் சொல்லிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது. ஊர்ப் பணியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வைத்திருக்கிற பெண்ணுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். 'இவளும் ஏழைதானே, இவள் பிள்ளை நன்றாக இல்லையா? உனக்கென்ன கேடு?' என்று மற்ற ஏழைப் பெண்களைப் பார்த்துக் கேட்பதற்கு ஓர் உயிருள்ள சாட்சியை அதே தெருவிலிருந்து எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். சாட்சியாக நிறுத்தப்பட்ட பெண் மீது எனக்குக் கோபமில்லை. அவளும் சொற்பக் காசுக்கு வேலை பார்த்தவள், என்னைப் போல.

நியாயமாகவும் பேசவேண்டும். அந்தத் திட்டம் நடந்த ஒன்றியங்களில் மிகக் கடுமையான எடைக்குறைவு குறையத்தான் செய்தது. எடை போட்டதால் பிழைத்த குழந்தைகள் உண்டு. தராசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தராசு உண்மையைத்தான் சொல்கிறது. பொய் அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறது. நடுத்தரமான எடைக்குறைவு அந்த அளவுக்கு அசையவில்லை என்பதும் அந்தத் திட்டத்தின் அனுபவம்தான். பேச்சால் அசையாத ஏதோ ஒன்று அடியில் கிடந்தது என்றுதானே அர்த்தம்?

2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்திய அளவில் ஐந்து வயதுக்குக் கீழே வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் பட்டியல் சாதியில் நூற்றுக்கு 39, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. அல்லாத 'மற்றவர்' வீடுகளில் சுமார் 30. தமிழ்நாட்டில் எல்லாரையும் சேர்த்து 25. நம் மாநிலம் மேல் என்று சந்தோசப்படலாம், படுவோம். ஆனால் அறியாமைதான் காரணம் என்றால், அறியாமை சாதி பார்த்தா வருகிறது? 39-க்கும் 30-க்கும் நடுவில் இருப்பதற்குப் பதிவேட்டில் எண் கிடையாது.

சாதி எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் பால்வாடிக் கட்டடம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் வந்தது. சத்துணவு 1982 ஜூலையில், திருச்சி பாப்பாக்குறிச்சியில் தொடங்கியது. இரண்டும் பெரிய காரியம். நான் வளர்ந்த உடம்பு சத்துணவில் வளர்ந்த உடம்பு, அந்த நன்றியைச் சொல்லாமல் விமர்சனம் எழுத மாட்டேன். ஆனாலும் கட்டடம் ஊருக்குள் வந்துவிட்டால் காலனிப் பிள்ளைக்கு அது தூரம். அடிக்கணக்கில் தூரம் குறைவாக இருக்கலாம், தெருக் கணக்கில் அதிகம். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இலும் 2006-இலும் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளில் அங்கன்வாடி அமைக்க முன்னுரிமை தரவேண்டும் என்று உத்தரவிட்டது. அதே 2004-இல் மதிய உணவுச் சமையல் வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை என்றும் சொன்னது. நீதிமன்றம் வாயைத் திறந்து சொல்லவேண்டிய நிலை இருந்தது என்பதுதான் இதில் வாசிக்கவேண்டிய வரி. 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் ஓர் அருந்ததியப் பெண் சமைக்கக்கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்களே, அவர்கள் தங்கள் பிள்ளைகளின் புரதத்தைப் பற்றியா கவலைப்பட்டார்கள்? ஆக உணவுப் பழக்கத்தில் 'தவறு' யாருடையது? மூன்றாம் எண்ணை அவர்கள் வீட்டுக்கு நேராகப் போட யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

அடுத்து, அந்த ஃபிளிப் சார்ட்டில் இருந்த தட்டு. ரத்தசோகைக்கு முருங்கைக்கீரை, பேரீச்சை, வெல்லம், சுண்டல். ஓரத்தில் ஒரு முட்டை. எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு மாட்டு ஈரலும் சுவரொட்டியும்தான் தேடிப் பிடித்துக் கொடுப்பார்கள். மிஞ்சியதை உப்புக்கண்டம் போட்டு மழைக்காலத்துக்கு வைப்பார்கள். கறியில் இருக்கிற இரும்பு கீரையில் இருக்கிற இரும்பைவிட உடம்பில் எளிதாகச் சேரும் என்பது எந்தச் சத்துணவுப் பாடத்திலும் இருக்கிற விசயம். அப்படி இருந்தும் மாட்டுக்கறி அந்தப் படத்தில் இல்லை. பயிற்சியில் நான் கேட்டேன். "அதெல்லாம் போட்டா பிரச்சனை வரும்மா" என்றார்கள். யாருக்கு வரும் பிரச்சனை? என் அம்மா பத்தியமாகத் தின்றது எனக்குக் கொடுத்த அட்டையில் வெட்கப்படவேண்டிய பொருளாகிவிட்டது. எல்லைக்கு அந்தப்பக்கம், 2021 டிசம்பரில் கர்நாடக அரசு சில மாவட்டங்களின் பள்ளிகளில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். நம் பக்கத்தில் 1989-லேயே சத்துணவில் முட்டை வந்துவிட்டது. முட்டை வரை வந்த தமிழ்நாட்டுத் தட்டு, மாட்டுக்கறிக்கு முன்னால் வந்ததும் வாய் பொத்திக்கொள்கிறது.

ராகிக்கும் இதே கதிதான், வேறு வழியில். நூறு கிராம் ராகியில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, அரிசியில் அதன் நிழல்கூட இல்லை. களி தின்றவர்களைக் 'களி தின்னி' என்று கேலி பேசிய காலம் போய், இப்போது அதைச் 'சிறுதானியம்' என்று பொட்டலம் கட்டி விற்கிறார்கள். 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேசன் கடைகளில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். நல்லது. ஆனால் ராகி விளைந்த காட்டில் இன்று ரோஜாவுக்குக் கிரீன் ஹவுஸ் நிற்கிறது, அதற்குள் மருந்தடித்த செடி நடுவே கூலிக்கு நிற்பது நம் பெண்கள். 'வீட்டில் விளைந்ததை உண்ணவும்' என்று படிக்கிற அட்டைக்கு, வீடு எவருடையது, விளைநிலம் எவருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

மொழியையும் சொல்லவேண்டும். இங்கே பல காலனிகளில் வீட்டுப் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதி அட்டவணையிலேயே ஆதி ஆந்திரர், ஆதி கர்நாடகர் என்று பெயர்கள் உண்டு. சிப்காட்டை நம்பி வந்த வடநாட்டுக் குடும்பங்கள் வேறு. இவர்கள் எல்லாரிடமும் 'இணை உணவு', 'நுண்ணூட்டம்' என்று நான் தமிழ் எம்.ஏ. தமிழில் பேசினேன். புரியாமல் அவர்கள் தலையாட்டியதையும் அறியாமைக் கணக்கில் சேர்த்தேன்.

கடைசியாக நேரம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறது அட்டை. மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது சம்பளத்தோடு விடுப்பு 26 வாரமானது. கணக்குப் பார்த்தால் ஆறு மாதம். அட்டையும் சட்டமும் கைகுலுக்குவது நிரந்தர வேலைக்காரியின் வீட்டில் மட்டும்தான். காண்டிராக்ட்காரிக்கு, பூத்தோட்டத்துக்காரிக்கு, கல் குவாரிக்காரிக்கு அந்த ஆறு மாதத்தை யார் கொடுப்பது? முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மாநில அரசு கொடுக்கிற உதவி 1987-இல் முந்நூறு ரூபாயாகத் தொடங்கி 2018-இல் பதினெட்டாயிரம் ஆனது. முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். மூன்றாவதாகப் பிறந்த பிள்ளைக்குப் பசிக்காது போலிருக்கிறது.

இதைப்பற்றி 1928 ஜூலையில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்பேத்கர் பேசியிருக்கிறார். மகப்பேறு நல மசோதாவை ஆதரித்த பேச்சு. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அந்தச் செலவின் பெரும்பகுதியை அரசு சுமக்கவேண்டும், பெண்ணின் உழைப்பில் லாபம் பார்க்கிற முதலாளியும் அதில் பங்கு ஏற்கவேண்டும் என்பது அவர் வாதம். மறுவருசம் அந்தச் சட்டம் வந்தது. அவருடைய வாக்கியங்களில் எழுவாய் யார் என்று பாருங்கள்: அரசு, முதலாளி. தாய் அங்கே ஓய்வெடுக்க உரிமையுள்ளவள். நூறு வருசம் நெருங்குகிற நேரத்தில் நம் கையில் இருக்கிற அட்டை அந்த இரண்டு எழுவாயையும் அழித்துவிட்டுத் தாயை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது.

நம் எழுத்துக்கும் இதில் பங்குண்டு. நாம் பசியை எழுதியிருக்கிறோம், பழைய காலத்துப் பஞ்சமாக, அம்மாவின் தியாகமாக. பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்த அம்மாவைப் பாடிப் பாடி அவளைத் தெய்வமாக்கிவிட்டோம். அவள் தண்ணீர் குடித்துப் படுத்ததால்தான் அடுத்த பிள்ளை இரண்டு கிலோவில் பிறந்தது என்று எழுதவில்லை. எல்லாவற்றையும் தாயே செய்யவேண்டும் என்கிற அட்டையும், எல்லாவற்றையும் தாயே செய்தாள் என்கிற நம் கவிதையும் ஒரே இலக்கணத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

இரண்டு வருசத்தில் அந்த வேலையை விட்டேன். அந்தக் கட்டத்தை இன்று எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன். காரணம்: ஆறே கால் வேன். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பகலில் விட இடம் இல்லை. பால்வாடி ஊருக்குள். நிலம் இல்லை. தாய்க்கு எல்லாம் தெரியும். கட்டத்துக்குள் அடங்காது, ஓரத்தில் எழுதவேண்டியிருக்கும்.

இதை வாசிக்கிற மாணவர்களும் தோழர்களும் ஒரு வேலை செய்யவேண்டும். உங்கள் பகுதிப் பால்வாடி காலனியிலிருந்து எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, எந்தத் தெருவைத் தாண்டிப் போகவேண்டும், அங்கே சமைப்பது யார், எவர் வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சோற்றைத் தின்னாமல் திரும்புகிறார்கள், கைக்குழந்தைக்காரிகளின் வேலை நேரம் என்ன, பதிவேட்டில் 'காரணம்' என்று என்ன எழுதியிருக்கிறது? கேட்டு எழுதி அனுப்புங்கள். அந்தப் பெண்களிடம் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.