நாய் சேகர் திரும்பவில்லை

'தலைநகரம்' (2006) காமெடியை மனப்பாடமாக வைத்திருக்கும் ஆள் நான். அதே சுராஜ், அதே வடிவேலு என்று நம்பித்தான் 2022 டிசம்பரில் 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' பார்க்கப் போனேன். அவர் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கத் தயாராக இருந்தோம். பிறகு தியேட்டரில் சத்தமே இல்லை.

பழைய சேகர் ரவுடியே கிடையாது. தன்னை ரவுடி என்று நம்பியவர். அந்த வீறாப்பு சரிவதில்தான் சிரிப்பு. அதற்கு எதிரில் சுந்தர் சி. மாதிரி சிரிக்காத ஒருவர் வேண்டும். இங்கோ ஆனந்தராஜ், ரெடின் கிங்ஸ்லி என்று ஆளாளுக்குக் காமெடி பண்ணுகிறார்கள். சேகரைக் கதாநாயகனாக்கியாச்சு, இனி யார் அவரை அவமானப்படுத்துவது? (புலிகேசியும் கதாநாயகன்தானே என்பீர்கள். அந்த மன்னனின் கோழைத்தனத்தைச் சிம்புதேவன் கடைசிவரை மறைக்கவில்லை.) வடிவேலுவின் உடல்மொழி இன்னும் மிச்சமிருக்கிறது, அதுதான் வலித்தது.

பாதிப் படத்தில் அப்பா, "போலாமாடா?" என்றார். வீட்டுக்கு வந்து கைப்பேசியில் பழையதைப் போட்டுக் கொடுத்தேன்.