அழுத பிள்ளைக்கு மட்டும் பதக்கம்

அமெரிக்கப் படையிலிருந்து விடைபெறும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள். அதன் பெயர் டிடி-214. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பயிற்சி, எத்தகைய விடுவிப்பு என்பதெல்லாம் அதில் கட்டம் கட்டமாக இருக்கும். 13ஆம் கட்டம் விருதுகளுக்கு உரியது. ஒருவர் தம் பணிக்காலம் முழுவதும் பெற்ற பதக்கம், ரிப்பன், பேட்ஜ் எல்லாம் அந்தச் சின்ன இடத்தில்தான் அடங்க வேண்டும். அங்கே ஒரு வரி விட்டுப்போனால், அலுவலகங்களைப் பொறுத்தவரை அவர் அதைப் பெறவே இல்லை.

இதை மானப் பிரச்சினை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. போரில் எதிரியால் காயம்பட்டவருக்குத் தரப்படுவது பர்ப்பிள் ஹார்ட். அது பதிவாகியிருந்தால் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் முன்னுரிமை உண்டு. போர் தந்த மனநோய்க்கு இழப்பீடு கேட்கும்போது, சண்டை நடந்த இடத்தில் இவர் இருந்தார் என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி. அந்த வரி இல்லாதவர், ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஓர் இரவில் நடந்ததை நிரூபிக்க ஆள் தேடி அலைய வேண்டும்.

வரிகள் விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் அவசரம்தான். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் லட்சக்கணக்கானவர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊருக்குப் போகும் ஆவலில், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். களமருத்துவமனையில் கட்டுப்போட்ட குறிப்பு, வீரரின் கோப்புக்கு வந்து சேராமலே போனதும் உண்டு. சில விருதுகளோ வீரர் ஊர் திரும்பிய பிறகுதான் பிறந்தன. அந்தப் போரில் காம்பாட் இன்ஃபன்ட்ரி பேட்ஜ் பெற்ற காலாட்படையினருக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கமும் உண்டு என்று 1947இல் முடிவானது. பேட்ஜ் பெற்றவர் யார் யார் என்பது அரசின் ஏட்டிலேயே இருந்தது. ஆனாலும் பதக்கம் தானாக வரவில்லை. எழுதிக் கேட்டவருக்குத்தான் வந்தது. 1945இலேயே ஊர்போய்ச் சேர்ந்து வயல்வேலையில் இறங்கிவிட்டவருக்கு இந்தச் செய்தியை யார் கொண்டுபோய்ச் சொல்வது?

அவசரம் கெடுத்தது பாதி என்றால், நெருப்பு கெடுத்தது மீதி. 1973 ஜூலை 12 அன்று, மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய படைப்பணி ஆவண மையத்தின் ஆறாவது மாடி தீப்பிடித்தது. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு போயிற்று. 1947 செப்டம்பருக்கும் 1964 ஜனவரிக்கும் இடையில் விமானப்படையிலிருந்து விலகியவர்களில், அகர வரிசையில் ஹப்பர்டு என்ற பெயருக்குப் பின்னால் வருபவர்களின் கோப்புகளில் 75 விழுக்காடு. நகல் எடுத்து வைக்கவில்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. பிழைத்தவையும் தீயணைப்பு நீரில் ஊறிக் கிடந்தன. அவற்றை மெக்டோனல் டக்ளஸ் விமான நிறுவனத்தின் வெற்றிட அறையில் வைத்து உலர்த்தினார்கள். அன்று தொடங்கி இன்றுவரை அந்த மையத்தின் ஊழியர்கள் சம்பளச் சீட்டு, படைப்பிரிவின் தினசரி வருகைக் குறிப்பு, மருத்துவமனைப் பட்டியல் ஆகியவற்றிலிருந்து தனிமனிதரின் பணி வரலாற்றை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறைமையில் மனமாரப் பாராட்ட வேண்டிய பகுதி இதுதான்.

பாராட்ட இன்னொன்றும் உண்டு. 1946க்கு முன்பு ஒரு வீரரின் ஆவணத்தைத் திருத்த வேண்டுமானால், பல நேரங்களில் நாடாளுமன்றமே அவர் ஒருவருக்காகத் தனி மசோதா நிறைவேற்ற வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வந்த சட்டம் அந்தச் சுமையைப் படைத்துறைகளின் தலையில் வைத்தது. ஆவணத் திருத்த வாரியங்கள் அப்படித்தான் உருவாயின. அவற்றில் உட்காருபவர்கள் சீருடை அணியாத குடிமக்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இறந்தவருக்காக வாரிசும் கேட்கலாம். பிழையை மட்டுமல்ல, அநீதியையும் நீக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. தாளில் உள்ளது எழுத்தளவில் சரியாக இருந்தாலும் நியாயமாக இல்லை என்றால் கைவைக்கலாம் என்பது சாதாரண அதிகாரமல்ல. பிழை தெரிந்த 3 ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும் என்ற கெடு உண்டுதான். நியாயம் கருதி வாரியம் அதைத் தளர்த்தலாம்.

சட்டம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு, சுமை யார் தோளில் என்பதில் இருக்கிறது. நிர்வாகம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கும் என்ற அனுமானத்தோடுதான் வாரியம் கோப்பைத் திறக்கிறது. அது தவறு என்று காட்ட வேண்டியவர் விண்ணப்பதாரர். வாரியம் புலனாய்வு செய்வதில்லை. எதிரில் வைத்த காகிதத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். நேரில் அழைத்து விசாரிப்பது அபூர்வம். காகிதத்தைத் தொலைத்தது அரசு. அந்தக் காகிதத்தைக் கொண்டுவா என்று கேட்பதும் அரசு.

கார்லின் கானரின் கதை இதற்கு நல்ல சான்று. கென்டக்கி மாநிலத்து விவசாயி அவர். 1945 ஜனவரி 24 அன்று பிரான்சின் ஹூசன் என்ற ஊருக்கருகே ஜெர்மானியர் டாங்கிகளோடு முன்னேறி வந்தனர். காயம் முழுதாக ஆறாமல் மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்த கானர், தொலைபேசிக் கம்பியை இழுத்துக்கொண்டு தம் படை வரிசையைத் தாண்டி ஓடினார். ஆழமில்லாத ஒரு பள்ளத்தில் படுத்தபடி மூன்று மணி நேரம் பீரங்கிக் குண்டுகளுக்கு வழிசொன்னார். எதிரி நெருங்கிவிட்டபோது, தாம் கிடக்கும் இடத்தின் மீதே குண்டு போடச் சொன்னார். அதற்கு டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ் கிடைத்தது. அதற்கும் மேலான மெடல் ஆஃப் ஹானர் கிடைக்கவில்லை. ஊர் திரும்பியவர் போரைப் பற்றி அதிகம் வாய் திறக்கவில்லை.

1996இல் முன்னாள் சிறப்புப் படை வீரர் ஒருவர், போரில் இறந்த தம் மாமாவைப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில்தான் கானரின் வரலாற்றைக் கண்டு விண்ணப்பத்தைத் தொடங்கிவைத்தார். தரைப்படை வாரியம் 1997இல் மறுத்தது. 2000இலும் அதே பதில். கானர் 1998இலேயே இறந்துவிட்டார். பின்னர் நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்கள் கிடைத்தன. அப்போதும் கதவு திறக்கவில்லை. அவர் மனைவி பாலின் நீதிமன்றத்துக்குப் போனார். தாமதமாக வந்தீர்கள் என்று 2014இல் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டில் சமரசப் பேச்சுக்கு அனுப்பிய பிறகே 2015இல் வாரியம் மனம் மாறியது. 2018 ஜூன் 26 அன்று பதக்கத்தை மனைவி வாங்கினார். கானர் செய்த காரியத்தில் 1997க்கும் 2015க்கும் இடையில் எதுவும் கூடவோ குறையவோ இல்லை. மாறியது, அவருக்காக விடாமல் நின்றவர்களின் பலம்.

வாரியத்தின் எச்சரிக்கைக்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பெறாத பதக்கத்தைப் பெற்றதாகச் சொல்லிக்கொள்பவர்கள் அமெரிக்காவில் உண்டு. அதைக் குற்றமாக்கிய 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை, பேச்சுச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2012இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. மறு ஆண்டே பண ஆதாயத்துக்காகப் பொய் சொல்வதைத் தண்டிக்கும் புதிய சட்டம் வந்தது. பதவியைப் பார்த்து வாரியம் வளைந்துகொடுப்பதும் இல்லை. கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெரமி பூர்டா, வியட்நாம் கால ரிப்பன்களில் போர்க்களச் சேவையைக் குறிக்கும் ‘வி’ எழுத்தை அணிந்தது சர்ச்சையானது. 1996இல் அவர் இறந்தார். அதை அணிய அவருக்குத் தகுதி உண்டு என்று, வியட்நாமில் கடற்படைக்குத் தலைமை வகித்த அட்மிரல் சம்வால்ட்டே எழுதிக் கொடுத்தார். அப்படியிருந்தும் ஆவணப்படி உரிமை இல்லை என்றுதான் 1999இல் திருத்த வாரியம் முடிவு செய்தது. அட்மிரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுகோல் என்ற வகையில் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் எல்லா விருதையும் ஒரே தராசில் நிறுப்பது சரியா என்பதே கேள்வி.

விருதுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தகுதி இருந்தால் தானே சேர வேண்டியது: போர்முனைப் பதக்கம், 1947 முடிவின்படியான வெண்கல நட்சத்திரம் போன்றவை. மற்றொன்று, மேலதிகாரி பரிந்துரைத்து, சாட்சி பார்த்து, படிப்படியாக எடைபோட்டு வழங்கப்படும் வீரப் பதக்கம். இரண்டாவதில் கடுமை தேவை. அங்கே தளர்த்தினால் பதக்கத்துக்கே மதிப்பில்லை. முதலாவதில் எடைபோட எதுவுமே இல்லை. இன்னார் இன்ன பிரிவில் இன்ன நாளில் இருந்தாரா என்பது மட்டுமே கேள்வி. விடை அரசின் அலமாரியில் இருக்கும்போது, கிழவரோ அவருடைய பேத்தியோ படிவம் நிரப்பிக் கேட்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

வீரப் பதக்கங்களிலும் தள்ளுமுள்ளு குறையவில்லை. காலக்கெடு கடந்தவற்றை நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகப் பரிசீலனைக்கு அனுப்பலாம் என்று 1996இல் வழி திறந்தார்கள். தேவையான கதவுதான், ஆனால் அலுவலகம் ஏறி இறங்கத் தெரிந்த குடும்பத்துக்கே அது எளிதில் திறக்கும். ஹென்றி ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1918 மே மாதத்தில் பிரான்சில் ஜெர்மானியத் திடீர்த் தாக்குதலைக் கத்தியோடு எதிர்த்து நின்ற கறுப்பின வீரர். உடம்பில் 21 காயங்கள். பிரான்ஸ் அரசு அவருக்கு உடனே குவா த கேர் விருது கொடுத்தது. சொந்த நாட்டின் விடுவிப்பு ஆவணத்தில் காயம் பற்றிய பேச்சே இல்லை. 1929இல் இறந்தார். பர்ப்பிள் ஹார்ட் 1996இல் வந்தது, மெடல் ஆஃப் ஹானர் 2015இல்.

ஜான்சன் தனி ஆள் அல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒரு கறுப்பின வீரருக்குக்கூட மெடல் ஆஃப் ஹானர் வழங்கப்படவில்லை. 1990களில் தரைப்படையே ஆய்வாளர்களை அமர்த்திப் பழைய கோப்புகளைப் புரட்டச் சொன்னது. 1997இல் ஏழு பேருக்கு வழங்கினார்கள். உயிரோடிருந்து வாங்கியவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. 2000இல் ஆசிய வம்சாவளியினர் 22 பேர். யூத, ஹிஸ்பானிய வீரர்களின் கோப்புகளைத் தேடியதன் விளைவாக 2014இல் 24 பேர். இவற்றில் அரசே தேடிப் போனது. பதக்கத்தின் மதிப்பு எள்ளளவும் குறையவில்லை. தேட முடியாது என்ற சாக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆகவே இந்த வாரியங்களைக் கலைக்க வேண்டியதில்லை; அவற்றின் முன் போகவே தேவையில்லாத வழக்குகளைப் பிரித்தெடுக்க வேண்டும். தகுதி விருதுகளை அரசு தன் ஏடுகளை ஒப்பிட்டுத் தானே திருத்தித் தரட்டும். கோப்பு எரிந்துபோனவர்களின் விஷயத்தில், நிர்வாகம் சரியாகச் செய்திருக்கும் என்ற அனுமானத்தைக் கைவிட்டு, சந்தேகத்தின் பலனை வீரருக்குக் கொடுக்கட்டும். வீரப் பதக்கங்களில் சாட்சியைக் கறாராகச் சோதிக்கட்டும். ஆனால் சாட்சி தாமதமாகக் கிடைத்தது என்பதற்காக அதைப் படிக்காமலே தள்ள வேண்டாம். வரிசையில் நின்று கேட்கும் வலுவுள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் திருத்தத்துக்குச் சலுகை என்று பெயர் சொல்லலாம், நீதி என்று சொல்ல முடியாது.