ஒரே கேபிளில் இரு நதிகள்

சாலாக் செலாத்தானிலிருந்து பணிநிமித்தம் சைபர்ஜெயா செல்லும் நாள்களில், தரவு மையத்தின் குளிர்ந்த கூடத்தில், சர்வர் அடுக்குகளின் பின்புறத்தே முன்பு இருவகைக் கேபிள் கற்றைகள் பின்னிக் கிடந்த இடத்தில் இன்று ஒற்றைக் கேபிள் அமைதியாய் ஓடுவதைக் காணுந்தோறும் என் நெஞ்சில் அபூர்வமான ஆனந்தம் எழுகிறது.

செய்திப் போக்குவரத்துக்கு ஈதர்நெட், சேமிப்பகத்துக்கு ஃபைபர் சேனல் என்றிருந்த காலத்தில் இரண்டின் சுபாவமும் வேறு. நெரிசல் மிகுந்தால் ஈதர்நெட் பொட்டலங்களைக் கைவிட்டுவிடும். ஃபைபர் சேனலோ, எதிர்முனையில் இடமுண்டு என்ற உறுதி கிட்டினாலன்றி ஒரு சட்டகத்தையும் அனுப்பாத வைராக்கியமுடையது. இரண்டையும் ஒரே கேபிளில் சேர்க்க வகுக்கப்பட்டு 2009இல் நிறைவுற்ற நியமம், பின்னதன் சட்டகத்தைச் சிதைக்காமல் அப்படியே ஈதர்நெட் உறைக்குள் இட்டது.

அதனினும் நுட்பமானது, போக்குவரத்தை எட்டு முன்னுரிமை வகுப்புகளாகப் பிரித்து, நெருக்கடியில் சேமிப்பகத்துக்குரிய வகுப்பை மட்டும் கணநேரம் நிறுத்திவைத்து, ஏனையவற்றைத் தடையின்றி ஓடவிடும் ஏற்பாடு. இதை நான் சிற்பியின் விவேகத்துக்கு நிகராகவே மதிக்கிறேன். மஸ்ஜித் ஜாமெக் அருகே கோம்பாக்கும் கிள்ளானும் கூடுமிடத்தில் நீர் கலந்துவிடுகிறது. இங்கோ, இருவகைப் போக்குவரத்தும் ஒன்றாய் ஓடியும் கலப்பதில்லை. அடுக்கின் உச்சியிலுள்ள சுவிட்சை அடைந்ததும், பல கூடங்களில், இரண்டும் தத்தம் பாதையில் மீண்டும் பிரிந்து செல்கின்றன.