நிழலுக்கு நிறம் உண்டா? தோல்பாவைக்கூத்தும் வண்ண விளக்கும்

தோல்பாவைக்கூத்தை நிழற்கூத்து என்று எழுதுவது ஆய்வாளர் வழக்கம். தவறில்லை. ஆனால் கறுப்பு நிழலை எதிர்பார்த்து வருபவருக்கு நம்மூர்க் கூத்து வியப்பாகவே இருக்கும். பாலக்காட்டுப் பகவதி கோயில் கூத்துமாடங்களில் கம்பராமாயணம் சொல்லி ஆட்டும் பழைய பாவைகள் மான்தோல், ஒளி புகாது. 21 விளக்கு ஏற்றினாலும் திரையில் கரிய உருவமும் துளைகளின் வெளிச்சமும்தான். தமிழகத்துப் பாவையோ மெல்லிய ஆட்டுத்தோல், சாயம் தீட்டியது. ஒளி ஊடுருவி வருவதால் நிழலே பச்சையாக, சிவப்பாக விழும்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் நிழலை வெறும் இன்மை என்று தள்ளாமல் புத்கலத்தின் ஒரு நிலையாகவே எண்ணுகிறது. உரை கண்ட பூஜ்யபாதர் நிழலை இரண்டாக்குவார்: நிறமும் சேர்ந்து விழுவது ஒன்று, உருவம் மட்டும் விழுவது மற்றொன்று. உரை மரபில் முதல் வகைக்குக் கண்ணாடிப் பிம்பமே உதாரணம். இருந்தாலும் இவ்விரு பாவைகளையும் ஒப்பிட இதைவிட நல்ல பாகுபாடு எனக்குக் கிடைக்கலே.

இப்போது குறைக்கு வருகிறேன். ஒரு விழாவில் கவர்ச்சிக்காகத் திரைக்குப் பின்னால் சிவப்பு பல்பும் நீல பல்பும் மாட்டியிருந்தார்கள். நீலத்தை அணைத்துச் சிவப்பை மட்டும் எரியவிட்டபோது பச்சைப் பாவை கறுத்துப் போச்சு. பச்சைச் சாயம் சிவப்பை உள்ளே விடாது. விடுவதற்கு வேறு நிறமும் அந்த பல்பில் இல்லை. சிவப்பு ஆடையும் சாயம் படாத இடமும் ஒன்றாகிக் கலந்துவிட்டன. இரண்டும் எரிந்தபோது, பாவையைத் திரையைவிட்டுச் சற்றே எடுத்ததும் நிழல் இரட்டையானது. பிள்ளைகள் கை தட்டினார்கள், ஆனால் யார் இராமன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்கள்.

கண் செய்யும் மாயம் வேறு. 1794-இல் ரம்ஃபோர்டு பிரபு லண்டன் ராயல் சொசைட்டி ஏட்டில் வண்ண நிழல் சோதனைகளை எழுதினார். வீட்டிலேயே பார்க்கலாம். வெள்ளைச் சுவருக்கு எதிரே ஒரு சாதா விளக்கு, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் ஒன்று, நடுவே ஒரு குச்சி. டார்ச் ஒளி எட்டாத நிழலில் சாதா வெளிச்சம் மட்டுமே உண்டு. ஆனால் கண்ணுக்குப் பச்சையாடும். தாளைக் குழலாகச் சுருட்டி அந்த நிழலை மட்டும் பாருங்க, பச்சை போய்விடும். சுற்றியிருக்கும் சிவப்பால் நம் கண் கட்டிக்கொண்ட நிறம் அது.

எண்ணெய் விளக்கும் மஞ்சள்தானே என்பார்கள். உண்மை, அதில் நீலம் குறைவு. ஆனால் எல்லா நிறமும் ஓரளவாவது இருக்கும்.

சாகணில் இருக்கிற நமக்கு இக்கூத்து அயலானதல்ல. தமிழகத்தில் இதை ஆடும் மண்டிகர் வீட்டில் பேசுவது மராத்தி. இங்கே சிந்துதுர்க் மாவட்டத்துப் பிங்குளியில் தாக்கர் மக்களும் தோல்பாவை ஆட்டுகிறார்கள். இருவரில் யாரை நம் சங்கம் அழைத்தாலும், திரைக்குப் பின் ஒரே ஒரு சாதா விளக்கு போதும். அரங்கின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்க.